வகுப்பைப் பாட்காஸ்டாகப் பதிவு செய்ய என்ன மைக், என்ன மென்பொருள்? ஆலோசனை வேண்டும்

வரலாற்று டீச்சர்:

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். பாடங்களை ஒலிப்பதிவாக்கி மாணவர்களுக்குக் கொடுக்க ஆசை. வீடியோ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். என் வகுப்பில் பலர் வீட்டில் ஒரே போனை மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்பவர்கள். டேட்டா தீராமல் ஒரு பாடத்தைத் திரும்பக் கேட்க அவர்களுக்கு ஒலிதான் வழி. அதோடு பார்வைக் குறைபாடு உள்ள மாணவன் ஒருவன் இருக்கிறான். பாடப்புத்தகத்தின் எழுத்து அளவு அவனுக்குப் போதவில்லை. வகுப்பில் காதில் விழுந்ததை வைத்துத்தான் தேர்வு எழுதுகிறான். "நீங்க சொன்னதை இன்னொரு தடவை கேட்க முடிஞ்சா போதும் டீச்சர்" என்றான். அதிலிருந்துதான் இந்த எண்ணம்.

போனை மேசையில் வைத்து ஒரு வகுப்பைப் பதிவு செய்து பார்த்தேன். மின்விசிறிச் சத்தமும் பெஞ்ச் இழுபடும் சத்தமும் தெளிவாகக் கேட்கின்றன. என் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

எந்த மைக் வாங்கலாம்? வகுப்பு நடக்கும்போதே பதிவு செய்வதா, தனியாக உட்கார்ந்து பேசுவதா? வெட்டி ஒட்ட எந்த மென்பொருள் எளிது? என்னிடம் இருப்பது பழைய லேப்டாப், 4 ஜி.பி. நினைவகம். பதிவுகளை எங்கே போட்டால் மாணவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும்? ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தனிஊசல்:

வணக்கம் டீச்சர். நான் இயற்பியல் ஆசிரியர். சில ஆண்டுகளாக என் வகுப்புக்கு ஒலிப்பதிவுகள் செய்துவருகிறேன். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை. உங்கள் போனில் குறை இல்லை. அது இருந்த இடத்தில்தான் குறை.

இதற்கு என் பாடத்திலேயே விடை இருக்கிறது. திறந்தவெளியில் ஒலி மூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 6 டெசிபெல் குறையும். மைக் உங்கள் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எட்டு சாண் தள்ளி வைத்தால் தூரம் மூன்று முறை இரட்டிப்பாகிறது. நேராக வரும் உங்கள் குரல் 18 டெசிபெல் குறைந்துவிடுகிறது. ஆனால் மின்விசிறிச் சத்தமும், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் அறை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் பரவியிருக்கின்றன. அவை குறையவே இல்லை. போன் என்ன செய்கிறது? குரல் சன்னமாக வருகிறதே என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தானாக உயர்த்துகிறது. நீங்கள் கேட்டது அதைத்தான். எவ்வளவு விலை உயர்ந்த மைக்கை அந்த மேசையில் வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

எனவே இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். புத்தக அலமாரி, துணி, மெத்தை இருக்கும் சின்ன அறைக்குப் போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் "பாரதி", "புரட்சி" என்று சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் அடித்து 'புப்' என்று கேட்கும். மூன்று நிமிடம் பேசிவிட்டு இயர்போனில் கேளுங்கள். அதற்கப்புறம் என்ன வாங்கலாம் என்று முடிவு செய்யலாம்.

வாங்குவதென்றால் முதலில் வயர் உள்ள காலர் மைக். எழுந்து நடந்து கற்பிக்கும் நமக்கு அதுதான் சரி. மைக் எப்போதும் வாய்க்கு ஒரு சாண் கீழே, சட்டையிலோ மேல்துணியிலோ இருக்கும். நீங்கள் கரும்பலகை பக்கம் திரும்பினாலும் தூரம் மாறாது. போயா நிறுவனத்தின் பி.ஒய்.-எம்1 என்ற மைக் பலரும் பயன்படுத்துவது. வயர் சுமார் 6 மீட்டர் நீளம். போனுக்கும் கேமராவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். உள்ளே பொத்தான் அளவு பேட்டரி. எதை வாங்கினாலும் முனையைப் பாருங்கள். போனுக்கான பிளக்கில் மூன்று கருப்பு வளையங்கள் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டுதான். இரண்டு வளையப் பிளக்கைப் போனில் செருகினால் போன் அதை மைக் என்று அறியாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பதிவைத் தொடங்கியதும் காலர் மைக்கை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஒலி அளவு காட்டும் கோடு துள்ளினால் சரியாக இணைந்திருக்கிறது. புதிய போன்களில் அந்த வட்டத் துளையே இல்லை என்றால் டைப்-சி முனை கொண்ட மைக்கோ அதற்கான இணைப்பானோ வேண்டும்.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, சங்கிலி, துப்பட்டா எதுவும் மைக்கில் உரசக் கூடாது. உரசல் சத்தத்தைப் பின்னால் எடுக்கவே முடியாது.

தனியாக மேசையில் உட்கார்ந்து பேசுவதே உங்கள் வழக்கம் ஆகிவிட்டால், அப்போது யூ.எஸ்.பி. மைக் பற்றி யோசிக்கலாம். இதில் டைனமிக், கண்டென்சர் என்று இரண்டு வகை உண்டு. கண்டென்சர் நுட்பமானது, அதனாலேயே தெருவில் போகும் வண்டியையும் அடுத்த அறைக் குக்கரையும் சேர்த்து எடுத்துவிடும். ஒலிப்பதிவுக்கூடத்தில் அது அருமை. நம் அறைகளுக்கு, பெரும்பாலும் அருகில் பேசும் குரலை மட்டும் எடுக்கும் டைனமிக்தான் என்பது என் உறுதியான கருத்து. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.ஆர்.2100எக்ஸ் இரண்டும் அந்த வகை. லேப்டாப்பில் நேராகச் செருகலாம். நாளைக்குப் பல ஒலிகளைக் கலக்கும் மிக்சர் வாங்கினால், அதற்கான எக்ஸ்.எல்.ஆர். என்ற ஒலி வயரிலும் இணைக்கலாம். ஆனால் டைனமிக் மைக்கை நாலு விரல் தூரத்தில் வைத்துப் பேச வேண்டும். தள்ளி வைத்துவிட்டுச் சத்தம் வரவில்லை என்று சொல்லக் கூடாது.

ப்ளூடூத் இயர்போனின் மைக்கில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான ப்ளூடூத் கருவிகள் தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும்.

அடுத்து, வகுப்பிலேயே பதிவா, தனியாகவா? தனியாக. வகுப்பில் நாம் கை காட்டிப் பேசுகிறோம். "இதோ இந்தப் பக்கம் இருக்கிறதே, அது அந்தப் பக்கம் போனால்" என்று நான் சமன்பாட்டைக் காட்டிச் சொல்வது கேட்பவருக்கு ஒன்றும் சொல்லாது. "ஏ கூட்டல் பி வகுத்தல் சி" என்று படித்தால் ஏ, பி இரண்டையும் கூட்டியபின் வகுப்பதா, பி-யை மட்டும் வகுப்பதா என்று காதுக்குத் தெரியாது. நான் இப்போது "மேலே ஏ கூட்டல் பி, மொத்தத்துக்கும் கீழே சி" என்று சொல்கிறேன். வரைபடத்தைக் காட்டிப் பேசும் வரலாற்றுக்கும் இது பொருந்தும். தவிர, வகுப்பில் ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கண்டித்தது பதிவில் போய்விட்டால் அது அவனைத் துரத்திக்கொண்டே இருக்கும். அதை நாம் செய்யக் கூடாது. வகுப்பு முடிந்த அன்றே, சூடு ஆறுவதற்குள், அன்றைய பாடத்தின் மையத்தைப் பத்து நிமிடத்தில் பேசிவிடுங்கள். முக்கால் மணி நேர வகுப்பில் பாடம் என்று எஞ்சுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

மென்பொருளைப் பற்றி அடுத்து எழுதுகிறேன். முதலில் அந்த மூன்று நிமிடம்.

ஒலிக்கூடம்:

ஒலிப்பதிவுதான் என் தொழில். தூரம் பற்றித் தனிஊசல் சார் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு இடத்தில் வேறுபடுகிறேன்.

ஒன்று, போனை மட்டும் நம்ப வேண்டாம். பாதிப் பதிவில் அழைப்பு வரும், நினைவகம் நிறையும், பேட்டரி சேமிப்பு ஆப்பை மூடிவிடும். தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் கையடக்க ரெக்கார்டர் ஒன்று நல்ல முதலீடு. ஜூம் எச்1என், டாஸ்காம் டி.ஆர்.-05எக்ஸ் போன்றவை சாதாரண பேட்டரியில் ஓடும், மெமரி கார்டில் பதியும். காலர் மைக்கையும் அவற்றில் செருகலாம். இங்கே இரண்டு வளையப் பிளக் வேண்டும், கவனம். ரெக்கார்டரில் ஒலி அளவை நீங்களே அமைப்பதால் போன் செய்யும் அந்தத் தானியங்கி ஏற்ற இறக்கமும் இருக்காது. நீங்கள் வகுப்பில் உரக்கப் பேசும் இடத்தில் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கட்டும், மைனஸ் 6-ஐத் தாண்ட வேண்டாம். கருவி பதியக்கூடிய உச்சமான சுழியத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும், அதற்கு மருந்தில்லை. சன்னமாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு, வகுப்பிலேயே பதிவு செய்வதை அவ்வளவு எளிதில் ஒதுக்காதீர்கள். முன்னால் முகங்கள் இருக்கும்போது ஆசிரியர் குரலில் ஓர் உயிர் வரும். தனி அறையில் பேசும்போது பலருக்கு அது போய்விடுகிறது, வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. காலர் மைக்கும் சட்டைப்பையில் ரெக்கார்டரும் இருந்தால் வகுப்பையே நன்றாக எடுக்கலாம். ஒரே பழக்கம் வேண்டும்: மாணவர் கேட்கும் கேள்வியை நீங்கள் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பின்வரிசையிலிருந்து வரும் கேள்வி உங்கள் மைக்கில் விழாது. அதை நீங்கள் சொன்னால் வகுப்பில் இருப்பவர்களுக்கும் நல்லது. மாணவர் குரலைப் பதிவில் சேர்க்கும் சங்கடமும் இல்லை.

சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்லி யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வெளிச்சத்தத்தை அது தடுக்காது, எதிரொலியையும் உருப்படியாகக் குறைக்காது. உங்கள் முன்னாலும் முதுகுக்குப் பின்னாலும் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசினாலும் வியக்கத்தக்க அளவு நன்றாக வரும். இருக்கைகளின் துணியும் உள்ளே இருக்கும் வளைவுகளும் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன.

பின்வரிசை:

நான் கல்லூரி மாணவி. மைக் பற்றி எனக்குத் தெரியாது. மூன்று ஆசிரியர்களின் பதிவுகளைக் கேட்டுப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நாங்கள் ஒரு காதில்தான் இயர்போன் மாட்டிக்கொள்கிறோம். இன்னொரு காது பேருந்து நிறுத்தத்துக்கோ அம்மா கூப்பிடுவதற்கோ. அதனால் ஒலி இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு பதிவில் ஆசிரியர் குரல் இடதுபக்கம் மட்டுமே வந்தது. வலது காதில் மாட்டியிருந்தவர்கள் எதுவும் இல்லை என்று நினைத்து அழித்தே விட்டார்கள்.

பேசும்போது பின்னால் இசை ஓட விடாதீர்கள். நாங்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்போம். அப்போது அந்த இசை தாங்க முடியாது. ஃபைலுக்கு 'புதிய பதிவு 14' என்று பெயர் இருந்தால் தேர்வுக்கு முந்தைய இரவில் எங்களால் தேட முடிவதில்லை. பாடம், அத்தியாயம், தலைப்பு என்று பெயர் வையுங்கள். தொடக்கத்திலேயே நீங்களும் அதை வாயால் சொல்லிவிடுங்கள். அப்புறம் நடுவில் ஓர் இடத்தில், "இங்கே நிறுத்தி, இதுவரை கேட்டதை எழுதிப் பாருங்கள்" என்று எங்கள் வேதியியல் மேடம் சொல்வார். நான் நிஜமாகவே நிறுத்தி எழுதினேன். அந்தப் பகுதிகள்தான் இன்றும் நினைவிருக்கின்றன.

வரலாற்று டீச்சர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தனிஊசல் சார், மூன்று நிமிடம் பேசிப் பார்த்தேன், அதே போனில்தான். புத்தக அறையில், மின்விசிறி இல்லாமல், ஒரு சாண் தூரத்தில். இவ்வளவு வித்தியாசம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, என் குரல் என் குரலாகவே இருக்கிறது. காலர் மைக் ஒன்று வாங்கப்போகிறேன், ரெக்கார்டர் அப்புறம்.

பின்வரிசை, நீ சொன்ன அந்த 'நிறுத்தி எழுதுங்கள்' யோசனையை எடுத்துக்கொள்கிறேன், அம்மா.

முதல் பதிவாகப் பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஒரே மூச்சில் தேதிகள் வரும்: 1789 மே 5 மூன்று பிரிவினரின் சபை, ஜூன் 20 டென்னிஸ் மைதான உறுதிமொழி, ஜூலை 14 பாஸ்டில். கரும்பலகையில் காலக்கோடு போட்டால் முடிந்துவிடும். காதுக்கு எப்படிச் சொல்வது? இன்னொன்று, என் பழைய லேப்டாப்புக்கு எந்த மென்பொருள்?

தனிஊசல்:

ஒலிக்கூடம் சார் சொன்ன கேள்வியைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் மிக நல்ல பழக்கம், வகுப்பில் நானும் தொடங்குகிறேன். பதிவு தனியாக என்பதில் மட்டும் நான் மாறவில்லை. உயிர் போய்விடுகிறது என்பது உண்மைதான். அதற்கு நான் செய்வது, ஒரு மாணவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துப் பேசுவது. அவர் புருவம் சுருங்கினால் அந்த இடத்தை இன்னொரு முறை விளக்குவேன்.

தேதிகளுக்கு: மூன்றையும் அடுக்காமல் இடைவெளியை முதலில் சொல்லுங்கள். "மே தொடக்கத்தில் சபை கூடியது. ஒன்றரை மாதத்தில் உறுதிமொழி. அதிலிருந்து மூன்று வாரம் கழிந்து சில நாட்களில் பாஸ்டில் விழுந்தது." அப்புறம் தேதிகளை நிதானமாகச் சொல்லி ஒரு நொடி விடுங்கள். காது முதலில் கால அளவைப் பிடித்துக்கொள்ளும், எண்ணை அதில் மாட்டிவிடலாம். முழு உரையையும் எழுதி வைத்துப் படிக்க வேண்டாம்; ஆறேழு சொற்களில் வரிசையும் தேதிகளும் மட்டும் ஒரு தாளில் இருக்கட்டும். தாள் சரசரக்காமல் இருக்க மேசையில் விரித்தே வையுங்கள்.

மென்பொருள் ஆடாசிட்டி. 2000-ல் வெளிவந்தது, இலவசம், திறமூலம் (நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பது). விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உண்டு. நம் வேலைக்கு உங்கள் லேப்டாப் தாராளமாகப் போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் வேண்டாததைச் சேர்த்துத் தரும் தளங்கள் இருக்கின்றன. ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் நல்லது. திரையையும் சேர்த்துப் பதிவு செய்ய நினைப்பவர்கள் ஓ.பி.எஸ். ஸ்டூடியோவைப் பாருங்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

ஆடாசிட்டியில் நூறு வசதிகள் இருக்கின்றன. ஆசிரியருக்கு வேண்டியது நான்கைந்துதான், அவற்றையும் இந்த வரிசையில் செய்தால் நல்லது.

பேசத் தொடங்கும் முன் ஐந்து நொடி சும்மா இருங்கள். மூச்சு விடும் சத்தம்கூட வேண்டாம். அந்த ஐந்து நொடியில் பதிவது அறையின் இரைச்சல் மட்டும். பின்னர் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்ற விளைவில் 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' அழுத்துங்கள். இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டீர்கள். அடுத்து முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே விளைவை மறுபடி திறந்து ஓ.கே. கொடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் அளவு 6 டெசிபெல், மிஞ்சினால் 12. அதற்கு மேல் இழுத்தால் குரல் தண்ணீருக்கு அடியில் பேசுவதாக மாறிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, காது அதை மறந்துவிடும். குரல் சிதைந்தால் மறக்காது.

அடுத்து, தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் 'ஹை-பாஸ் ஃபில்டர்', 80 ஹெர்ட்ஸ். பேச்சுக்குத் தேவையானது ஏறக்குறைய முழுவதும் அதற்கு மேல்தான் இருக்கிறது. மேசை அதிர்வு, தூரத்து லாரியின் உறுமல் எல்லாம் அதற்குக் கீழே. இந்த ஒன்று தரும் பலனுக்கு இதைவிட எளிய வேலை இல்லை.

வெட்டுவது எளிது: வேண்டாத பகுதியைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்து டெலிட். ஆனால் ஒவ்வொரு 'ம்', 'அதாவது'வையும் வெட்ட உட்காராதீர்கள். பத்து நிமிடப் பதிவுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும், இரண்டாவது வாரத்தில் அலுத்துப்போய் இந்த நல்ல காரியத்தையே விட்டுவிடுவீர்கள். நான் தடுமாறினால் அந்த இடத்தில் பலமாக ஒரு கைதட்டு தட்டிவிட்டு வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வேன். திரையில் அலை வரைபடத்தில் கைதட்டல் ஊசியாக உயர்ந்து நிற்கும். ஊசி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து வெட்டினால் போதும், முழுவதையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்'. பதிவுக்குப் பதிவு ஒலி அளவு மாறாமல் இருக்க இது. மைனஸ் 23 என்று ஓர் எண் முதலிலேயே இருக்கும், அது ஒளிபரப்புக்கானது. ஆப்பிள் பாட்காஸ்டுகளுக்குப் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலி உரப்பின் அலகு). அந்த எண்ணைப் போடுங்கள். மோனோவை, அதாவது ஒற்றைத் தடப் பதிவை, இரட்டை மோனோவாகக் கொள்ளும் பெட்டியில் டிக் இருக்கட்டும். பேருந்தில் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த அளவு உரத்த ஒலி தேவை. உச்சங்கள் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டினால் அவற்றை அடக்கும் 'லிமிட்டர்' ஒன்றையும் ஓட்டுங்கள்.

சேமிக்கும்போது 'சேவ்' செய்வதும் 'எக்ஸ்போர்ட்' செய்வதும் வேறு. சேவ் செய்தால் ஆடாசிட்டி மட்டும் திறக்கக்கூடிய ஏ.யூ.பி.3 ஃபைல் வரும், மாணவர் போனில் அது ஓடாது. எக்ஸ்போர்ட்டில் எம்.பி.3, மோனோ, 64 கே.பி.பி.எஸ். என்று கொடுங்கள். பின்வரிசை சொன்ன ஒற்றைக் காது சிக்கலும் மோனோவில் தீர்ந்துவிடும். அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: சுருக்காத வேவ் ஃபைல், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 5.3 எம்.பி.; பத்து நிமிடம் 53 எம்.பி. அதே பத்து நிமிடம் 64-ல் எம்.பி.3-ஆக 4.8 எம்.பி.தான். பேச்சுக்கு அந்தத் தரம் போதும். போனைப் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் இந்த வித்தியாசம்தான் பாடத்தைக் கேட்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். வேவ் ஃபைலை அழிக்காமல் ஒரு பிரதி லேப்டாப்பிலும் இன்னொன்று பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.3-ஐ மறுபடி திருத்தி மறுபடி எம்.பி.3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் இறங்கும்.

விரல்வழி:

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. டீச்சர் குறிப்பிட்ட அந்த மாணவனைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு ஒலி போதும். ஆனால் அதே வகுப்பில் காது சரியாகக் கேட்காத பிள்ளை ஒருவர் இருந்தால் பாட்காஸ்ட் அவருக்குச் சாத்திய கதவு. எழுத்து வடிவமும் சேர்ந்தே போக வேண்டும். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பொதுவில் வைத்திருந்த 20,000-க்கும் மேற்பட்ட வகுப்புப் பதிவுகளை 2017 மார்ச்சில் பொதுப்பார்வையிலிருந்து எடுக்கத் தொடங்கியது. காது கேளாதவர்கள் பயன்படுத்த வசன வரிகள் முறையாக இல்லை என்று புகார் போய், அமெரிக்க நீதித்துறை அதை உறுதிசெய்திருந்தது. எல்லாவற்றையும் திருத்த ஆகும் செலவைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் எடுத்துவிட முடிவு செய்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். கேட்க முடிந்தவர்களும் இழந்தார்கள், கேட்க முடியாதவர்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. நாம் முதல் பதிவிலிருந்தே எழுத்தையும் சேர்த்துக்கொண்டால் அந்த நிலை வராது.

இப்போது அது கடினமும் இல்லை. ஓப்பன்ஏ.ஐ. 2022-ல் வெளியிட்ட விஸ்பர் என்ற திறமூல மென்பொருள் பேச்சை எழுத்தாக்கும், தமிழும் எடுக்கும். நம் கணினியிலேயே ஓடுவதால் பதிவு வெளியே எங்கும் போகாது. பழைய லேப்டாப்பில் மெதுவாக ஓடும், விஸ்பரின் பல அளவு மாதிரிகளில் (மாடல்) சிறியதைத் தேர்ந்தெடுங்கள். வருவதை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பெயர்களிலும் ஆண்டுகளிலும் தவறு வரும், வரலாற்றுப் பாடத்தில் அவைதானே உயிர். ஒரு மாணவர் கேட்டுக்கொண்டே திருத்தினால் அவருக்கும் அது நல்ல மீள்பார்வை.

எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்கள். வகுப்புக்குள் மட்டும் போதும் என்றால் ஏற்கெனவே நீங்கள் பயன்படுத்தும் குழுவோ பள்ளியின் மூடில் (பாடங்களைப் பகிரும் இணையத் தளம்) தளமோ போதும். பாட்காஸ்ட் ஆப்பில் தானாக வந்து சேர வேண்டும் என்றால்தான் ஆர்.எஸ்.எஸ். ஓடை (புதிய பதிவுகளை ஆப்புக்கு அறிவிக்கும் பட்டியல்) வேண்டும். அதை உருவாக்கித் தர ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் போன்ற இலவசச் சேவைகள் உள்ளன. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இலவசமாக ஏற்றி இணைப்பைக் கொடுக்கலாம், ஆனால் அது எல்லாருக்கும் திறந்த இடம். எந்தச் சேவையையும் ஒரே களஞ்சியமாக நம்ப வேண்டாம். கல்வி நிலையங்களுக்கென்று ஆப்பிள் நடத்திய ஐட்யூன்ஸ் யூ 2021-ஓடு மூடப்பட்டது, கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் போனது. தனிஊசல் சார் சொன்ன அந்தப் பென்டிரைவ் பிரதி மிக முக்கியம்.

உங்கள் மாணவன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறானா என்று கேளுங்கள். பயன்படுத்தினால் ஃபைல் பெயரைத் தமிழிலேயே எழுதி அவன் போனில் ஒருமுறை வாசிக்க விட்டுப் பாருங்கள். வரிசை எண்ணைப் பெயரின் தொடக்கத்தில் இரண்டு இலக்கமாகப் போடுங்கள்: 01, 02. இல்லையென்றால் பட்டியலில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

வரலாற்று டீச்சர்:

விரல்வழி டீச்சர், எழுத்து வடிவத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நிச்சயம் சேர்க்கிறேன். அவனிடம் திரைவாசிப்பான் இருக்கிறது, நாளை கேட்கிறேன்.

ஒரு கடைசிக் கேள்வி. பாடநூலில் மூலச் சான்றுகளாகச் சில பத்திகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே வாசித்துப் பதிவில் சேர்க்கலாமா? தொடக்கத்தில் சில நொடி இசை வைக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு ஆசை, அதற்கு என்ன செய்வது?

தனிஊசல்:

பாடநூல் பத்திகளை நீளமாக வாசித்துப் பொதுவில் போடாதீர்கள், பதிப்புரிமை இருக்கும். வகுப்புக்குள் மட்டும் பகிர்வதென்றாலும் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "பக்கம் 42-ஐத் திறந்து இரண்டாவது பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி, நீங்கள் அதை விளக்குங்கள். அந்த மாணவனுக்காக மட்டும் அந்தப் பத்தியைத் தனியாக வாசித்து அவன் போனில் கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படிக்க ஏற்ற வடிவில் பிரதி எடுக்க உதவுவதற்கென்றே 2013-ல் மராகேஷ் உடன்படிக்கை உருவானது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அதற்கான விலக்கு எப்படி இருக்கிறது என்று விரல்வழி டீச்சரைப் போன்றவர்கள் சொல்வார்கள்.

இசைக்குத் திரைப்படப் பாடல் வேண்டவே வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளதை எடுத்தால் உருவாக்கியவர் பெயரைப் பதிவின் குறிப்பில் எழுதுங்கள். 'வணிகப் பயன்பாடு கூடாது', 'மாற்றக் கூடாது' என்று உரிமத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் புல்லாங்குழலோ மிருதங்கமோ வாசிக்கும் பிள்ளை இருந்தால் அவரையே எட்டு நொடி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், வீட்டில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு. அப்போது மைக்கை ஒரு சாணில் வைக்காதீர்கள். வாத்தியத்துக்கு மூன்று நான்கு சாண் தள்ளி வைத்து, முதலில் அளவைக் குறைத்துப் பாருங்கள்; மிருதங்கத்தின் முதல் அடியிலேயே முள் சுழியத்தைத் தொட்டுவிடும்.